விமானத்தில் ஒன்றரை மணி, வீட்டுக்கு?

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு எவ்வளவு தூரம்? ஆகாய விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் ஆகும்? மாமியாரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரே வரியில் பதில் சொன்னால் போதும்" என்று கேட்டிருக்கிறார்.

ஒரே வரியில் சொல்வதானால், திருநெல்வேலிக்கு விமானமே கிடையாது!

திகைத்துவிட வேண்டாம். விமானம் உண்டு. ஆனால் அது திருநெல்வேலியில் இறங்குவதில்லை. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வாகைக்குளம் என்று ஒரு சிற்றூர். அங்கேதான் இறங்குகிறது. அந்த நிலையத்துக்குப் பெயரும் தூத்துக்குடி விமான நிலையம்தான். நெல்லைக்காரர்கள் அதைத் தங்கள் விமான நிலையம் என்று சொல்லிக் கொள்வார்கள்; தூத்துக்குடிக்காரர்கள் தங்களுடையது என்பார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வாகைக்குளத்திலிருந்து நெல்லைச் சந்திப்புக்குச் சுமார் 35 கிலோமீட்டர் என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். இந்த 35 கிலோமீட்டர் பின்னால் நம்மைப் படுத்தப் போகிறது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அவனுடைய அட்லாஸை வாங்கிக் கொள்ளுங்கள். தையல் பெட்டியிலிருந்து ஒரு முழம் நூல் எடுத்து, சென்னைப் புள்ளியில் ஒரு நுனியையும் வாகைக்குளத்தருகே மறு நுனியையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். அட்லாஸின் மூலையில் அளவுகோல் இருக்கும். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 530 கிலோமீட்டர் வரும். இது நூல் பிடித்த தூரம். ரயிலுக்கு இந்தச் சலுகை கிடையாது. விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர் என்று உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்த் தலைகாட்டிவிட்டுப் போவதைப் போல வளைந்து வளைந்து போகிறது. எழும்பூரிலிருந்து நெல்லைக்குத் தண்டவாளத்தின் நீளம் சுமார் 650 கிலோமீட்டர்.

அட்லாஸ் கையில் இருக்கும்போதே இன்னொரு வேடிக்கையையும் பார்த்துவிடுங்கள். நூலின் ஒரு நுனியைத் திருநெல்வேலியில் வைத்து மறு நுனியைக் கொழும்பில் வையுங்கள். சுமார் 310 கிலோமீட்டர்தான்! எங்கள் ஊருக்குச் சென்னையைக் காட்டிலும் கொழும்பு கிட்டே இருக்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் வீட்டுக்கு ஒருவராவது "கொளும்பு"க்குப் போய் வியாபாரம் செய்ததில் ஆச்சரியமில்லை. தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் கொழும்பு. 1906-ஆம் ஆண்டில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தக் கடல் வழியை நம்பித்தான். 1914-ல் பாம்பன் பாலம் வந்தது. தனுஷ்கோடி வரை ரயிலில் போய் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் போகும் வழி திறந்தது. 'போட் மெயில்' என்று பேரும் புகழுமாக இருந்த வழி அது. 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியையே கொண்டு போய்விட்டது. பிறகு 2011 ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடியும் பயணிகள் கப்பல் விட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் நின்றுபோயிற்று. கடல் அகலவில்லை; ஒரு முழம்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனாலும் பக்கத்து வீடாக இருந்த கொழும்பு எங்களுக்குத் தூரதேசமாகிவிட்டது.

திருவனந்தபுரம் கதையோ இதைவிட விசித்திரம். நூல் பிடித்தால் நெல்லையிலிருந்து 90 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த நூல் ஏறக்குறையப் பொதிகை மலையின் அகத்தியர் சிகரத்தை உரசிக் கொண்டு போகிறது. சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். தாமிரபரணி பிறக்கிற மலை, அதைக் குடைந்து யாரும் பாதை போடவில்லை, போடாமலிருப்பதே நல்லது. ஆகவே ரயில் தெற்கே நாகர்கோயிலுக்கு இறங்கி, மலையைச் சுற்றிக் கொண்டு, சுமார் 145 கிலோமீட்டர் ஓடித் திருவனந்தபுரம் சேருகிறது. அகத்திய முனிவர் கயிலையிலிருந்து பொதிகைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆயிற்று என்று புராணத்தில் எனக்குத் தெரிந்த வரை கணக்கில்லை. அவருக்காக ஊரில் யாரும் உலை வைத்துக் காத்திருக்கவில்லை போலிருக்கிறது!

இனி நேரத்துக்கு வருவோம். சென்னைக்கும் வாகைக்குளத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஓடுபவை விசிறி வைத்த சிறிய விமானங்கள். எழுபது எண்பது பேர் உட்காரலாம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். "530 கிலோமீட்டர் தூரம், 500 கிலோமீட்டர் வேகம், ஆக ஒரு மணி ஐந்து நிமிஷம்" என்று உங்கள் பிள்ளை கணக்குப் போட்டுவிடுவான். டிக்கெட்டிலோ ஒன்றரை மணிக்குச் சற்று முன்பின்னாக அச்சடித்திருப்பார்கள். பிள்ளை கணக்கும் சரி, டிக்கெட்டும் சரி. நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்கிற நிமிஷத்திலிருந்து, போய் இறங்கி ஓரிடத்தில் நிற்கிற நிமிஷம் வரை உள்ளதைத்தான் பிரயாண நேரம் என்று போடுகிறார்கள். மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். முன்னால் நாலு விமானம் வரிசையில் நிற்கும். மேலே ஏறும்போது முழு வேகம் வராது. இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அரிசி வேக இருபது நிமிஷம் என்றாலும், அடுப்பைப் பற்ற வைத்து உலை கொதிக்கிற நேரத்தை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

வாகைக்குளம் நிலையத்தை 1992-ல் திறந்தார்கள். நடுவில் பல வருஷங்கள் விமானமே வராமல் வெறும் திடலாகவும் கிடந்தது. ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்ததால் பெரிய ஜெட் விமானங்கள் அங்கே இறங்க முடியாது. இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் எழும்பிய புதிய கட்டடத்தை 2025 ஜூலை 26-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார். பளபளவென்று இருக்கிறது. எல்லாம் நல்லதுதான்.

ஆனால் சகோதரி கேட்ட கேள்விக்கு இவையெல்லாம் பாதிப் பதில். மீதிப் பாதியை நான் கற்றுக் கொண்டது என் தாயாரிடத்தில். கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

என் தாயாருக்குக் கல்லிடைக்குறிச்சியில் வாசம். எழுபத்தெட்டு வயது. நாங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று ஊரில். "இங்கே வந்து எங்களோடு இரேன்" என்றால், "ஆத்துத் தண்ணியை விட்டுட்டு எங்கிட்டு வர?" என்பாள். சர்க்கரை வியாதி உண்டு. இரண்டு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. ஒரு நாள் இரவு பின்கட்டில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டில் எலும்பு விரிந்துவிட்டது. கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு டெலிபோன். நான் பதறிப் போய்ப் பத்து மணி விமானத்தில் டிக்கெட் வாங்கிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

"அம்மா, கவலைப்படாதே. பத்து மணிக்கு விமானம். ஒன்றரை மணி நேரம்தான். இதோ வந்துட்டேன்!"

அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றைக்கு எந்தத் தடங்கலும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மழை இல்லை. விமானம் தாமதமில்லை. ஒருவர் பேரிலும் குற்றமில்லை. ஏழே முக்காலுக்கு மாம்பலத்தில் டாக்ஸி ஏறினேன். பெட்டி ஒப்படைக்கிற இடத்தை விமானம் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அதற்குள் வரிசையில் நிற்க வேண்டும். சோதனைக்கு வேறு வரிசை. பத்து மணி விமானம் பத்து மணிக்கே கிளம்பியது. பதினொன்றரைக்கு வாகைக்குளத்தில் மண்ணைத் தொட்டாயிற்று. நான் சொன்ன ஒன்றரை மணி சரியாகப் போயிற்று.

பெட்டி வந்து கையில் சேரும்போது மணி பன்னிரண்டு. வண்டி பேசி ஏற இன்னும் பத்து நிமிஷம். வல்லநாட்டில் பாலத்தின் மேல் போகும்போது கீழே தாமிரபரணி. ஆற்றைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டாற்போலவே ஒரு நிம்மதி. எனக்கு எப்போதும் இந்தத் தப்பு நேரும். ஆறு ஒன்றுதான், ஆனால் என் தாயார் இருப்பது அதன் மேல்கோடியில்! பாளையங்கோட்டை தாண்டி, மேலப்பாளையம் தாண்டி, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஒவ்வோர் ஊர்க் கடைத்தெருவிலும் வண்டி ஊர்ந்தது. பத்தமடையில் ஒரு கல்யாண ஊர்வலம். சேரன்மகாதேவியில் ரயில் கேட்டை மூடியிருந்தார்கள். கல்லிடைக்குறிச்சித் தெருவுக்குள் நுழையும்போது இரண்டு மணி பத்து நிமிஷம்.

வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

உள்ளே அம்மா ஊஞ்சல் பலகையில் சாய்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கை நடுங்கிக் கொண்டிருந்தது. கீழவீட்டுச் சித்தி தம்ளரில் சீனித் தண்ணீர் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்துக் கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இப்பந்தான் வாரியா? ஒன்றரை மணி நேரம்னு சொன்னியாமே!" என்றாள் சித்தி.

நடந்தது இதுதான். பத்தும் ஒன்றரையும் பதினொன்றரை. விமானம் திருநெல்வேலியில் இறங்குகிறது. அங்கிருந்து ஒரு மணி நேரம். பன்னிரண்டரைக்கு மகள் வந்துவிடுவாள் என்று அம்மா கணக்குப் போட்டுவிட்டாள். அடுத்த வீட்டில் ஒரு நர்ஸ் பெண் இருக்கிறாள். கை கட்டுப் போட்டிருந்ததால் ஊசி போட அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்குப் பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரி வேலை. "இப்பமே போட்டுட்டுப் போ தாயி. மக வந்துருவா. சேர்ந்து சாப்பிடுதோம்" என்று பன்னிரண்டேகாலுக்கே ஊசி போட்டுக் கொண்டாகிவிட்டது. சித்தி வீட்டிலிருந்து சொதியும் இஞ்சித் துவையலும் வந்து மூடி வைத்திருந்தது. அரை மணிக்குள் சாப்பிட வேண்டியவள், "வந்துருவா, வந்துருவா" என்று வாசலையே பார்த்துக் கொண்டு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். நடுவில் சித்தி இரண்டு முறை வந்து சாப்பிடச் சொல்லியும் கேட்கவில்லை.

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் உள்ள சகோதரிகளுக்கு இதன் ஆபத்து நன்றாகத் தெரியும். ஊசி போட்டுக் கொண்டு சாப்பிடாமலிருந்தால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கிவிடும். வேர்க்கும், நடுங்கும், பேச்சுக் குழறும், நினைவும் தப்பலாம். விழுங்கும் நினைவு இருக்கும்போதே சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுத்துவிட வேண்டும். தெளிந்த பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சித்திக்கு இது தெரிந்திருந்தது. நான் வருகிற வேளைக்கு ஒரு கால் மணி முன்னால் அவள் எட்டிப் பார்க்காமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

அரை மணியில் அம்மா தெளிந்துவிட்டாள். இரண்டு கவளம் சாப்பிட்டதும் பேச்சும் வந்துவிட்டது. "ஏரோப்ளேன்ல வாரேன்னியே, இதுக்கு ரயில் வண்டியே தேவலையேட்டி. ரயில்னா நாளைக்குக் காலையிலதான் வருவான்னு தெரிஞ்சு நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சமையல்கட்டுக்குப் போன பிறகுதான் அழுகை வந்தது.

அம்மா சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் அன்று இரவு உட்கார்ந்து உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். விமானத்தில் நான் என் வீட்டு வாசலை விட்டு அம்மா வீட்டு வாசலை மிதிக்க ஆனது ஆறு மணி இருபத்தைந்து நிமிஷம். இதில் வானத்தில் இருந்த நேரம் கால்வாசிக்கும் குறைவு. 2023 செப்டம்பர் 24 முதல் நெல்லைக்கு 'வந்தே பாரத்' ரயில் ஓடுகிறது. எழும்பூருக்கும் நெல்லைக்கும் நடுவே ஏழு மணி ஐம்பது நிமிஷம் என்று வைத்து அதைத் தொடங்கினார்கள். சென்னையில் பிற்பகலில் ஏறினால் நெல்லையில் இரவு. வாசல் கணக்குப் பார்த்தால் கல்லிடைக்குறிச்சிக்குப் பத்து, பத்தரை மணி நேரம் ஆகும். டிக்கெட்டைப் பார்த்தால் விமானத்துக்கும் இந்த ரயிலுக்கும் ஆறு மணிக்கு மேல் வித்தியாசம். வாசலைப் பார்த்தால் நாலு மணிதான் வித்தியாசம். நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் ராத்திரி ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். கடிகாரத்தில் அதற்குத்தான் நேரம் அதிகம். பாதியைத் தூங்கிக் கழித்துவிடுவதால் உடம்புக்குத் தெரிவதில்லை. சாயங்காலம் சேதி வந்தால் இரவு ரயில். காலையில் சேதி வந்தால் விமானம் என்று நான் இப்போது வைத்துக் கொண்டிருக்கிறேன். விமானத்தின் பேரில் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு வேறு எதில் போயிருந்தாலும் இன்னும் தாமதமாகத்தான் போயிருப்பேன்.

எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 2,900 கிலோமீட்டர். நாலேகால், நாலரை மணி நேரத்தில் வந்துவிடுகிறாள். சென்னையிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு வருவதற்குள் அதைவிட அதிக நேரம் ஆகிவிடுகிறது. இந்த லட்சணத்தில் நம் கடிகாரத்தைவிடச் சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி முந்தி ஓடுவதால், அவளிடம் "எத்தனை மணிக்கு வருவாய்?" என்று கேட்டுவிட்டு, "எந்த ஊர் மணி?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது!

முன்பெல்லாம் 'உடனே புறப்பட்டு வா' என்று தந்தி வரும். தந்தி கொடுத்தவர்களுக்கு, ரயில் மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் வரும் என்று தெரியும். அதற்குத் தக்கபடி உலை வைத்தார்கள். 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது. இப்போது நாம் கிளம்புமுன்பே "இதோ வந்துட்டேன்" என்று காதுக்குள் சொல்லிவிடுகிறோம்.

பத்து நாள் இருந்து, கட்டுப் பிரிக்கிற தேதியைக் கேட்டுக் கொண்டு, அண்ணன் வந்து பொறுப்பெடுத்த பிறகு நான் திரும்பினேன். புறப்படும்போது அம்மா வழக்கம் போல, "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவே?" என்றாள்.

"ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுப் பூட்டைத் திறப்பேன். நீ எட்டுக்கே சாப்பிட்டுவிடு" என்றேன்.

பூட்டைத் திறந்தபோது ஒன்பதடிக்க ஏழு நிமிஷம் இருந்தது. டெலிபோன் செய்தேன். "நான் எட்டுக்கே சாப்பிட்டாச்சு. நீ சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

மாம்பலத்துச் சகோதரியின் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல எனக்கு ஒரு விவரம் வேண்டும். மாமியார் இருக்கும் ஊரை அவர் எழுதவில்லை. பாளையங்கோட்டை என்றால் வாகைக்குளத்திலிருந்து வல்லநாடு தாண்டினால் வந்துவிடும், கவலையே இல்லை. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் என்றால் நான் சொன்ன கல்லிடைக்குறிச்சிக்கு மேல் இன்னும் அரை மணி சேர்த்துக் கொள்ள வேண்டும். மாமியார் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறவர் என்பதையும் அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதட்டும்.